டாக்டருக்கே இந்தக் கதி

படத்தில் இருந்த விரல் இராமையாவுடையது இல்லை என்று பார்த்த மாத்திரத்தில் எவலினுக்குத் தெரிந்துவிட்டது.

இராமையா தோட்டத்தில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டுகிறவன். போன வருஷம் அவனுடைய சுட்டுவிரலில் மட்டை முள் ஏறிச் சீழ் வைத்தபோது கீறிச் சுத்தம் செய்தவள் அவள்தான். அதற்குப் பிறகு நகம் பாதி கருத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் வளர்ந்தது. கைபேசியில் வந்த படத்திலோ ஒல்லியான விரல், நேரான நகம். நகக்கண் முழுக்க மஞ்சள் ஏறியிருந்தது. நோய் வந்த வீடுகளில் பெண்கள் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து வாசலுக்குத் தெளித்துக்கொண்டிருந்த காலம் அது. விரலில் மாட்டியிருந்த ஆக்சிஜன் கிளிப் தொண்ணூற்றேழு என்று காட்டியது. கூடவே இராமையாவின் மனைவி அம்சவள்ளியின் குரல் பதிவு: “இவருக்கு நல்லா இருக்கு டாக்டரம்மா. கஞ்சி குடிச்சாரு.”

ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்த அந்த ஜூலை மாதத்தில், லேசாக நோய் கண்டவர்களை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். ஈஜோக் டவுனில் இருந்த எவலினின் கிளினிக்தான் சுற்றியிருந்த தோட்டங்களுக்குக் கிளிப்புகளை இரவல் கொடுத்தது. காலையும் மாலையும் விரலில் மாட்டிப் படம் அனுப்ப வேண்டும். எண் இறங்கினால் அவள் ஆம்புலன்சுக்குப் போன் செய்வாள். அவ்வளவுதான் ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டை இப்படியும் ஏமாற்றலாம் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. கோபம் வந்தது. காரில் பாதி வழி போகும்போது கோபம் போய்ப் பயம்தான் மிஞ்சியது.

தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் கடைசி வீடு. பாதுகாப்பு உடையும் முகக் கவசமும் அதன் மேல் கண்ணாடித் தடுப்புமாக அவள் இறங்கியதைப் பார்த்ததும் அடுத்தடுத்த வீடுகளில் கதவுகள் சாத்திக்கொண்டன. அம்சவள்ளி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் நோய் கண்டு இரண்டே நாளில் இறங்கியிருந்தது.

“தூங்குறாரு டாக்டரம்மா. இப்பதான் கண்ணசந்தாரு.”

“கையக் காட்டு.”

அம்சவள்ளி கையைப் பின்னால் கொண்டுபோனாள். எவலின் அவளைத் தாண்டி உள்ளே போனாள்.

இராமையா தூங்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, தோள் ஏறி ஏறி இறங்க மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். உதட்டில் நீலம் தெரிந்தது. அவள் தன்னிடமிருந்த கிளிப்பை அந்தக் கோணல் நகத்தில் மாட்டினாள். எண்பத்து மூன்று.

“நா போ மாட்டேன்,” என்றான், அவள் கேட்பதற்கு முன்னாலேயே.

“ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டுத்தான் வந்தேன், இராமையா.”

“வந்தா சும்மா திரும்பிப் போவட்டும் லா.” ஒரு மூச்சுக்கு நாலைந்து சொல்தான் வந்தது. “என் மாமியா… நடந்து போயி ஏறுனாங்க. எப்பிடி வந்தாங்க? ரோட்டோரம் நின்னு… பொண வேனத்தான் பாத்தோம். வாய்க்கரிசி கூட போடல. இவ இன்னும்… தூக்கத்துல அழுவுறா.”

அம்சவள்ளியின் தாய் சின்னத்தாய் இறந்தது அந்த வருஷம் சீனப் பெருநாள் முடிந்த கையோடு. இனிப்பு நீர் வியாதிக்கு மாதாமாதம் கிளினிக்குக்கு வந்து மருந்து வாங்கிப்போகிறவள். அதே வாரத்தில்தான் எவலினின் கணவர் டாக்டர் பெர்னாட்டும் இதே நோயில் போனார்.

“நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்,” என்று இராமையா கையைத் தூக்கினான். “டாக்டருக்கே இந்தக் கதி. எத்தன பேர… பாத்த மனுசன். பெரிய ஆஸ்பத்திரி, அவருக்குத் தெரியாத டாக்டரா? அவரையே முடிச்சி அனுப்பிட்டாங்க. நா யாரு? குல வெட்டுறவன்.”

அவன் கை போன திசையில் அம்மன் படம் இருந்தது. அதன் பக்கத்தில், பத்திரிகையிலிருந்து வெட்டி அட்டையில் ஒட்டிய பெர்னாட்டின் படம். அதற்கும் பூ வைத்திருந்தார்கள். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போய் முழங்கால் போட்ட மனுஷன், இப்படி அம்மனுக்குப் பக்கத்தில் குந்தியிருப்பதைப் பார்த்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். லயத்தில் எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று கிளினிக்கில் மருந்து கொடுக்கும் புஷ்பா சொல்லியிருந்தாள். ஜனங்களுக்காக உயிரை விட்டவர் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஐந்து மாதமாக அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் எவலின் காலையில் எழுந்து கிளினிக்கைத் திறந்துகொண்டிருந்தாள்.

இப்போது அந்த வார்த்தைதான் இந்த வீட்டுக்குள் உட்கார்ந்து ஒருத்தன் மூச்சை அடைத்துக்கொண்டிருந்தது.

“அவரு ஆஸ்பத்திரிக்குப் போனதால சாவல,” என்றாள் எவலின். “போவாம இருந்ததால செத்தாரு.”

இராமையா சுவரிலிருந்து முதுகை எடுத்து நிமிரப் பார்த்தான்.

அவள் இதை யாரிடமும் சொன்னதில்லை. அடக்கம் செய்த பாதிரியாரிடமும் இல்லை, வெளிநாட்டிலிருந்து போனில் அழுத மகன் ரையனிடமும் இல்லை. அவளுக்கும் நோய் கண்டு அறைக்குள் அடைந்துகிடந்து, பெட்டி குழிக்குள் இறங்குவதைக் கைபேசியில் பார்த்தாளே, அப்போதுகூட வாய் திறக்கவில்லை.

“சனிக்கிழமையே காய்ச்சல். மாத்திரையப் போட்டுக்கிட்டு உக்காந்தாரு. டெஸ்ட் பண்ணுங்கன்னேன். அலமாரி நெறைய கிட் கெடந்திச்சி. பண்ணுனா கிளினிக்க மூடணும், பண்ணாத வரைக்கும் இது சளின்னாரு. வெளிய சாப்பாட்டுக் கட வரைக்கும் வரிச நிக்கிது, இவங்கள எங்க போவச் சொல்றன்னு என்னையே கேட்டாரு. நானும் சரின்னு விட்டுட்டேன். வியாழக்கிழம வரைக்கும் ஆளுங்கள பாத்தாரு. மாடிப்படி ஏற முடியாம உக்காந்த பெறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாரு. நுரையீரல்ல ஒண்ணும் மிச்சமில்லன்னாங்க. நாலு நாள் முந்தி வந்திருந்தா பொழைச்சிருப்பாருன்னு அங்க இருந்த டாக்டரு என்கிட்ட போன்ல சொன்னாரு. அவரு எங்ககூடப் படிச்சவரு.”

மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். கண்ணாடித் தடுப்பின் உள்பக்கம் ஈரமாகி எதிரில் இருந்தவன் முகம் கலங்கித் தெரிந்தது.

“நீயும் அவரு செஞ்சதத்தான் செய்யுற. அந்த மனுசனுக்காவது வெளிய வரிச நின்னுச்சி. உனக்கு என்ன நிக்கிது?”

இராமையா பெர்னாட்டின் படத்தைத் திரும்பிப் பார்த்தான். வெளியே ஆம்புலன்ஸ் வந்து பின்வாங்கித் திரும்பி நிற்கும் சத்தம் கேட்டது. அவன் சுவரைப் பிடித்து எழப் பார்த்தான், முடியவில்லை. “வள்ளி, சட்டைய எடு,” என்றான்.

அம்சவள்ளி அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் அசையவில்லை. அவன் இன்னொரு முறை கேட்ட பிறகுதான் சட்டையை எடுத்து வந்தாள். பொத்தான்களை மாற்றி மாற்றிப் போட்டாள். அந்தத் தடுமாற்றம் புருஷனுக்காகத்தான் என்று எவலின் நினைத்துக்கொண்டாள்.

இராமையா பிழைத்தான். மூக்கில் குழாயோடு குப்புறப் படுக்கவைத்தார்கள், தேறினான். ஆகஸ்டு கடைசியில் பாதி ஆளாக வீட்டுக்கு வந்து சேர்ந்தான். அவனைப் பார்த்த பிறகு அந்த லயத்திலிருந்து இன்னும் சிலர் சண்டை போடாமல் ஆம்புலன்சில் ஏறினார்கள். எவலின் கேட்டது கிடைத்தது.

கூடவே கேட்காததும் வந்தது.

“டாக்டரம்மா, ஒண்ணு சொல்லுவேன், கோவிச்சுக்கக் கூடாது,” என்று புஷ்பா ஒருநாள் மருந்துப் பாட்டில்களைத் துடைத்தபடியே ஆரம்பித்தாள். “வெளிய ஒரு மாதிரியா பேசிக்கிறாங்க.”

“என்னான்னு?”

“நம்ம டாக்டர் காச்சலோட உக்காந்து மருந்து குடுத்தாராம். அந்த வாரம் வந்தவங்களுக்கெல்லாம் அவர்கிட்ட இருந்துதான் ஒட்டுச்சாம். நம்ம லயத்து அம்மன் கோயில் தலைவர் சன்னாசி இருக்காரே, போன மாசம் வரைக்கும் டாக்டர் பேர்ல அன்னதானம் போடணும்னு குதிச்ச ஆளு, அவரே சொல்றாரு, உயிரக் குடுத்தாரா எடுத்தாரான்னு.”

எவலின் மேசையில் கிடந்த நோயாளி அட்டைகளை அடுக்கினாள். பெர்னாட் இரண்டு முகக் கவசம் போட்டிருந்தார், சன்னலைத் திறந்து வைத்திருந்தார், நோயாளியைத் தள்ளித்தான் உட்காரவைத்தார். அந்த வாரம் சாவு வீட்டுக்கும் பாசார் சந்தைக்கும் போய்வந்தவர்கள்தான் எல்லாரும். யாருக்கு யாரிடமிருந்து வந்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும். இதையெல்லாம் அவள் தனக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தாள். ஒரு தடவைகூட அது போதுமானதாக இருந்ததில்லை.

கிளினிக்கில் கூட்டம் குறைந்தது. பக்கத்து ஊரான அசாம் ஜாவாவில் இருக்கும் கிளினிக்குக்கு மோட்டார் சைக்கிளில் போகிறார்கள் என்று புஷ்பாதான் அதையும் சொன்னாள்.

செப்டம்பரில் ஒரு மத்தியானம் அம்சவள்ளி வந்தாள். இராமையாவுக்கு மாத்திரை தீர்ந்திருந்தது. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

“எப்பிடி இருக்கான்?”

“நடக்குறாரு. குல வெட்ட இனிமே முடியாதுன்னாங்க. கீழ கொட்டுற உதிரிப் பழம் பொறுக்கலாம்னு பாக்குறாரு.” கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். “டாக்டரம்மா, ஒண்ணு கேக்கணும். எங்கம்மா இங்க கடைசியா வந்தது செவ்வாக்கிழம. நாந்தான் கூட்டியாந்தேன். டாக்டர் கையப் புடிச்சி பிரசர் பாத்தாரு. பொங்கலுக்கு ஏன் பலகாரம் குடுத்தனுப்பலன்னு கேட்டு அம்மாவ சிரிக்க வச்சாரு.”

“ம்.”

“அப்ப அவருக்குக் காச்சலா?”

எவலினுக்கு எல்லாப் பதிலும் வாய்வரை வந்தது. முகக் கவசம், சன்னல், சாவு வீடு. எதிரில் நிற்பவளின் முகத்தைப் பார்த்தபோது அவற்றில் ஒன்றையும் சொல்லப் பிடிக்கவில்லை.

“ஆமா. இருந்திச்சி.”

“உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

அம்சவள்ளி தலையை ஆட்டினாள். அவள் அழவில்லை. சத்தம் போட்டிருந்தால் எவலினுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“இவர நீங்கதான் காப்பாத்துனீங்க. அத நா மறக்க மாட்டேன்,” என்றாள். “ஆனா இங்க வந்து குந்துனா எனக்கு அம்மா நெனப்புதான் வருது. அரசாங்க கிளினிக்குல இவரப் பதிஞ்சிக்கிறோம். அங்க குடுக்க ஏதோ எழுதி வாங்கியாரணுமாமே.”

எவலின் எழுத உட்கார்ந்தாள். என்ன மருந்து, எந்த அளவு, மூச்சு எப்போது வாங்கும், எதைக் கவனிக்க வேண்டும், எல்லாவற்றையும் எழுதினாள். அடுத்த டாக்டருக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று எழுத்தைப் பிரித்துப் பிரித்து எழுதினாள். கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

தாளின் மேலே கிளினிக் பெயரும், அதன் கீழே டாக்டர்கள் இருவர் பெயரும் அச்சாகியிருந்தன. பெர்னாட் பெயர் முதலில். அம்சவள்ளி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அந்தப் பெயர்கள் உள்பக்கம் போகிற மாதிரி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, “வரேன் டாக்டரம்மா,” என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிப் போனாள்.