சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மாணவி

சிட்லபாக்கத்தில் 1997 முதல் பதினோரு வருஷமாக டியூஷன் எடுக்கிறேன். கணக்கின் ஒவ்வொரு படியையும் உரக்கச் சொல்லியே போடுவது என் வழக்கம். நேற்று அடுத்த வீட்டுச் சபேசனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. உள்ளறையில் ஐந்து வருஷமாக அவன் பூட்டி வைத்திருந்த பெண்ணை மீட்டார்கள். யாமினி, பதினாறு வயது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் பொதுச் சுவரில் யாரோ தட்டிக்கொண்டே இருந்தார்கள். நான் போய் அவனிடமே சொன்னேன்: "சார், சத்தத்துல பசங்க படிக்க முடியல." மன்னிப்புக் கேட்டான். மறுநாளே சத்தம் நின்றது. எவ்வளவு நல்ல மனுஷன் என்று வேறு நினைத்தேன், பாவி!

இன்று காப்பகத்துக்குப் போனேன். "என்னை மன்னிச்சிடும்மா" என்று அழுதேன். என் குரலைக் கேட்டதும் அவள் நிமிர்ந்தாள்.

"மிஸ், நீங்களா! நீங்க சத்தம்னு வந்து சொன்ன அன்னிலேர்ந்து என் கையைக் கட்டி வச்சாரு. ஆனா உங்க பாடம் ஒண்ணுகூட நான் விடல."

அவள் ஒரு பேனாவைத் தேடி எடுத்தாள். மணிக்கட்டில் கயிற்றுத் தழும்பு.

"போன வாரம் கரண்ட் போனதுல ஒரு கணக்கைப் பாதியில விட்டீங்க. மீதியைச் சொல்லுங்க, மிஸ்."