உரிமையாளரே பேசவும்

இஜாஸ் என்னை வரச் சொன்னதற்கு இரண்டு காரணங்கள். வீரணன் கதையின் கடைசிப் பகுதியில் நான் பேச வேண்டும். அப்புறம், என் குரலில் இனி மெஷினே பேசிக்கொள்ளலாம் என்று சம்மதம் தர வேண்டும். இரண்டாவதை அவன் போனில் வேகமாகச் சொல்லிவிட்டு, "மத்ததை நேர்ல பேசுவோம் மாப்ளே" என்று வைத்துவிட்டான்.

வீரணன் கதை போனில் கேட்கிற நாடகம். போடிமெட்டு ரோட்டில் ஜீப் ஓட்டுகிற வீரணன் ஒரு வளைவில் பனிமூட்டத்துக்குள் நுழைவான். வெளியே வரும்போது வேறு வருஷமாக இருக்கும். ஒரு தடவை ரோடே போடாத காலம். ஒரு தடவை மலையில் ஏலச்செடி ஒன்றுகூட மிஞ்சாத காலம். எழுதுவது இஜாஸ். வீரணனாகப் பேசியவன் நான். துபாயிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் கேட்டுவிட்டு எழுதுவார்கள். என் முகம் யாருக்கும் தெரியாது. போடி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அப்போதெல்லாம் நான் வாயைத் திறந்தால் மட்டும் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்தக் குரல் நூல் மில்லில் வந்தது. திண்டுக்கல் பக்கம் ஒரு மில்லில் நைட் ஷிப்ட் பார்த்தேன். மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசித் தொண்டை அகலமானது. விடிய விடிய விழித்திருந்துவிட்டுப் பகலில் பிணமாகக் கிடப்பது எனக்கு ஒத்துவரவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஓடி வந்துவிட்டேன். நாடகத்தில் பேசினால் சோறு வராது. அதனால் ஜீப்பில் மலைக்குப் போய் ஏலத்தோட்டங்களில் பூச்சி மருந்தடித்தேன்.

மருந்தடிக்கிறவர்கள் துண்டை நனைத்து வாயில் கட்டுவோம். ஈரத்துண்டு மருந்தைத் தடுக்கும் என்று ஒரு நினைப்பு. தடுக்காது. குடித்து வைத்துக்கொள்ளும். நாள் முழுக்க அதைத்தான் மூச்சாக இழுப்போம். நான் அதையும் கீழே இறக்கிவிட்டு, செடிகளுக்கு நடுவே வீரணன் வசனத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். கூட வேலை செய்தவர்கள் கைதட்டுவார்கள்.

கழுத்தில் கட்டி வந்தது. மதுரையில் அறுத்து எடுத்தார்கள். கட்டியோடு குரலுக்குப் போகிற நரம்பும் போனது. மருந்தினால்தானா என்று டாக்டரைக் கேட்டேன். "ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லேன்னும் சொல்ல முடியாது" என்றார். இப்போது நான் பேசினால் பஞ்சரான டியூபில் காற்றுப் போகிற மாதிரி இருக்கும். பக்கத்தில் நின்றால் கேட்கும். மிக்சி ஓடினால் கேட்காது.

என் மனைவி முத்துப்பிரியா பழைய பகுதிகளைக் கேட்டுக்கொண்டேதான் சமைப்பாள், துணி மடிப்பாள். வீரணன் கிண்டல் பண்ணினால் சிரிப்பாள். அதே கிண்டலை நான் பண்ணினால், "என்ன சொன்னீங்க?" என்பாள். திரும்பச் சொன்னால் கிண்டல் செத்துவிடும். எனக்கு அவன்மேல் பொறாமை. அவன் நான்தான் என்பது தெரிந்தும் அது குறையவில்லை.

அன்று கிளம்பும்போது, "சம்மதம்னு சொல்லிட்டு வாங்க" என்றாள். "இது முடிஞ்சதும் இஜாஸ் அண்ணன் வேற கதையில இன்னும் நூறு எபிசோடு போடப் போறாராம். புதுசு புதுசாப் பேசுவீங்க."

"நானா?"

"பின்னே யாரு?"

எங்கள் ஸ்டுடியோ இஜாஸுடைய அத்தாவின் ஏலக்காய் குடோன்தான். மூட்டைகளை அடுக்கும்போது நடுவில் இரண்டு பேர் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டு அடுக்குவோம். காய் மூட்டை சத்தத்தைத் தின்றுவிடும், எதிரொலி வராது. ஆனால் முன்பக்கம் காய் சலிக்கிற மெஷின் ஓடும். அதை மூட்டையாலும் தடுக்க முடியாது. அதனால் வேலை செய்கிற பெண்கள் சாப்பிட உட்காருகிற நேரத்தில்தான் பதிவு செய்வோம்.

நான் போனபோது அவர்கள் தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவள் மகாராணி.

"வாங்க வீரணன் சாரே. இன்னைக்கு எந்த வருசத்துல இருந்து வர்றீக?"

"நீ கொமரியா இருந்த வருசத்துல இருந்துக்கா."

"என்னாது?" காதைக் கொண்டுவந்தாள். திரும்பச் சொன்னேன். தோளில் ஒரு அடி விழுந்தது. "அந்த வருசத்துக்கு வண்டி திரும்பப் போனா எனக்கு ஒரு சீட்டுப் போடு. டாப்புல தொங்கிக்கிட்டுக்கூட வர்றேன்."

"வெரசா வா மாப்ளே, சாப்பிட்டு மெஷினைப் போட்டுருவாக," என்று மூட்டைகளுக்குள்ளிருந்து இஜாஸ் கத்தினான்.

லேப்டாப்பை ஒரு மூட்டைமேல் வைத்திருந்தான். ஹெட்போனை என் காதில் மாட்டினான். காற்று. செகண்டு கியரில் முனகிக்கொண்டு ஏறுகிற ஜீப். அப்புறம் வீரணன் பேசினான்.

"யோவ் பெரியவரே, ஏறுற வண்டிக்கு வழி விடணும்னு தெரியாதா? லைசென்சை எங்க வாங்குனீரு, வாரச்சந்தையிலயா?"

என் குரல். நான் ஒரு நாளும் பேசாத வசனம். எப்போது பேசினேன் என்று மண்டைக்குள் தேடிப் பார்த்தேன். இல்லை. பேசத் தொடங்கும்முன் மூக்கால் ஒரு சின்ன மூச்சு இழுப்பது என் பழக்கம். அதையும் வைத்திருந்தது.

"பழைய ரெக்கார்டிங் பூராத்தையும் போட்டுப் பழக்கிருக்கேன். என்ன டைப் பண்ணாலும் உன் குரல்ல பேசும்," என்றான் இஜாஸ்.

"மூச்சு விடுறானே."

"உன்னை விட நல்லா விடுறான்."

நான் சிரித்தேன். என் சிரிப்புக்கும் இப்போது சத்தம் கிடையாது. கோபித்துக்கொண்டேன் என்று நினைத்து, "சும்மா சொன்னேன் மாப்ளே" என்றான்.

கடைசிப் பகுதி இதுதான். வயதான வீரணன் பனிமூட்டத்தில் மலை இறங்கி வருகிறான். வளைவில் எதிரே ஒரு ஜீப் ஏறி வருகிறது. ஓட்டுவது இளவயசு வீரணன். இறங்குகிற வண்டிதான் ஒதுங்க வேண்டும் என்பது மலை ரோட்டு வழக்கம். கிழவனுக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் எதையும் சொல்லாமல் வண்டியை ரிவர்ஸில் எடுத்து ஒதுக்கி, "போய்ட்டு வாப்பா" என்று மட்டும் சொல்ல வேண்டும். கிழவனுக்கு என் இப்போதைய குரல்.

"எல்லாம் தெரிஞ்சும் சொல்ல மாட்டானா?" என்று கேட்டேன்.

"சொன்னா இவன் போக மாட்டான். இவன் போகலேன்னா அவன் எப்படி வயசாகி எறங்கி வருவான்? கதை நிக்காதுடா."

"நிக்காட்டிப் போகுது."

இஜாஸ் தலையைச் சொறிந்தான். "சரி, நீ உன் இஷ்டத்துக்குப் பேசு. அவன் பதிலை நான் டைப் பண்றேன். எது நல்லாருக்கோ அதை வெச்சுக்குவோம்."

மைக்கை உதட்டில் ஒட்டுகிற மாதிரி வைத்துக்கொண்டேன்.

"எங்கப்பா போறே?"

இஜாஸின் விரல்கள் ஓடின. கொஞ்சம் பொறுத்து ஹெட்போனில் பதில் வந்தது. "மேலதான். ரோடு ஒண்ணுதான இருக்கு, வேற எங்க போறது?"

"போகாதே."

"ஏன், யானை நிக்குதா?"

"யானை இல்லை. மருந்தடிக்கிற சோலிக்குப் போகாதே. போனா உன் தொண்டை போயிரும்."

இஜாஸ் நிமிர்ந்து பார்த்தான். கதையில் வீரணன் மருந்தடிக்கிறவன் இல்லை. ஆனாலும் பதிவை நிறுத்தவில்லை. இந்தத் தடவை டைப் பண்ண அதிக நேரம் எடுத்துக்கொண்டான்.

"போகலேன்னா சோத்துக்கு என்ன பண்றது?" என்று ஹெட்போனில் சிரித்துக்கொண்டே கேட்டான் அவன். "நீரு போடுவீரா?"

 ஹெட்போனில் காற்றுச் சத்தம் மட்டும் ஓடியது. இஜாஸ் பதிவை நிறுத்தினான்.

"இதைக் கதையில வெக்க முடியாது. ஆனா பயங்கரமா இருந்துச்சு மாப்ளே."

"அதை நீ எழுதுனியா?"

"நான் எங்க எழுதுனேன். நீ சொன்னதுதான். அன்னைக்கு மலைக்குப் போகாதேன்னு உன்கிட்ட நான் சொன்னப்ப, என் மூஞ்சிக்கு நேரா இதைத்தான் கேட்டே."

எனக்கு அது ஞாபகமே இல்லை. மறந்திருக்க வேண்டிய விஷயமும் இல்லை. அப்புறம் கதையில் எழுதியிருந்தபடியே வழிவிட்டுப் பேசிக் கொடுத்தேன். ஒரே டேக்கில் சரியாக வந்தது.

"இப்ப சம்மதம்," என்று போனை நீட்டினான். திரையில் ஒரு வாக்கியம் இருந்தது. வேறு யாருடைய குரலையும் திருடிவிடக் கூடாது என்பதற்காக, குரலுக்குச் சொந்தக்காரனே அதை வாயால் படிக்க வேண்டுமாம். எனக்கு அதில் பெரிய இஷ்டம் இல்லை. ஆனால் முத்துப்பிரியா கேட்டுக்கொண்டாள், சரி என்று சொல்லத்தான் வந்திருந்தேன். படித்தேன்.

"நான் சுருளிவேல். இது என் குரல். இதைப் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன்."

ஒரு வட்டம் சுற்றியது. சிவப்பாக எழுத்து வந்தது. குரல் பொருந்தவில்லை. உரிமையாளரே பேசவும்.

"கிட்ட வெச்சுப் பேசு," என்றான். கிட்ட வைத்துப் பேசினேன். அதே சிவப்பு.

"அது பழைய குரலோட ஒத்துப் பாக்குது மாப்ளே."

"நான் நான் இல்லைங்குது."

"மெஷினுக்கு என்ன தெரியும்," என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. முன்பக்கம் மகாராணி யாரையோ திட்டி எழுப்புவது கேட்டது. சலிக்கிற மெஷின் ஓடத் தொடங்கியது. மூட்டைகள் லேசாக அதிர்ந்தன.

இஜாஸ் எதையோ நினைத்துக்கொண்ட மாதிரி திரும்பி உட்கார்ந்தான். லேப்டாப்பில் டைப் பண்ணினான். போனை அதன் ஸ்பீக்கருக்கு எதிரே சாய்த்து வைத்தான். அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். சம்மத வாக்கியம். அதை லேப்டாப்பில் இருக்கிறவனைச் சொல்லவைக்கப் போகிறான்.

அதுவரை எனக்குச் சம்மதம்தான். அந்த நிமிஷம் இல்லாமல் போனது.

"வேணாம்," என்றேன்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இஜாஸ் திரும்பவில்லை.

"வேணாம் இஜாஸ்."

"நான் சுருளிவேல்," என்றான் அவன். மில்லில் மெஷினுக்கு மேலே பேசிப் பழகிய குரல். அந்தச் சத்தத்திலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது. "இது என் குரல். இதைப் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன்."

திரை பச்சையானது.

இஜாஸ் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினான். "முடிஞ்சுது!" என்று கத்தினான். "ராத்திரிக்கே கடைசிப் பகுதியைப் போட்டுர்றேன். என்னமோ சொன்னியே?"

அவன் காதில் வாயை வைத்து இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினேன். எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்லிக்கொண்டே இருக்கிறவனுக்கு ஒரு கட்டத்தில் கை தானாக அப்படி ஆடும்.

வீட்டுக்கு வந்ததும் முத்துப்பிரியா கேட்டாள். "சொல்லிட்டீங்களா?"

"அவன் சொல்லிட்டான்."

"இஜாஸ் அண்ணனா?"

அவள் கையிலிருந்த, அவள் வீரணனைக் கேட்கிற போனைக் காட்டினேன். புரியாமல் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். பாதியில் எழுந்துபோய் ஃபேனை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வேணாம்னேன்."

"அண்ணனுக்குக் கேக்கலையாக்கும்."

"இல்லை."

சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "எனக்கு அந்தக் குரல் வேணும்," என்றாள். அழவில்லை, கெஞ்சவில்லை. உப்பு வேணும் என்கிற மாதிரிதான் சொன்னாள். "நீங்க மதுரையில கெடந்தப்ப அதைக் கேட்டுத்தான் நான் தூங்குனேன்."

"பழசைக் கேளு. அது நான் பேசுனது. இது எவன் எதை டைப் பண்ணாலும் பேசும். என் சம்மதத்தையே என்னைக் கேக்காமச் சொல்லிட்டான். நாளைக்கு உன்கிட்ட எதை வேணாலும் சொல்லுவான், நான் சொல்றேன்னு நெனச்சு நீ கேட்டுக்கிட்டிருப்பே."

அவ்வளவு நீளமாகப் பேசிப் பல மாதம் ஆகியிருந்தது. நடுவில் இரண்டு இடத்தில் மூச்சு முட்டியது.

இஜாஸுக்குப் போன் போட்டேன். "ஹலோ? மாப்ளே? காத்துதான்டா வருது," என்றான். போனுக்குள் இரைச்சலை வடிகட்டுகிற ஏதோ இருக்கிறது. அது என்னை இரைச்சல் என்று எடுத்துக்கொள்ளும். எழுதி அனுப்பலாம். அவன் வேலையில் உட்கார்ந்துவிட்டால் எதையும் திறந்து பார்க்க மாட்டான். ராத்திரி நாடகம் வெளியே போய்விடும்.

போனை ஸ்பீக்கரில் போட்டு முத்துப்பிரியாவிடம் கொடுத்தேன். "அண்ணே," என்றாள்.

"யாரு, முத்துப்பிரியாவா? என்னம்மா, சந்தோசந்தான?" என்றான் இஜாஸ்.

அவள் என்னைப் பார்த்தாள். ஆமாண்ணே என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. மறுத்துப் பேச என்னால் ஆகாது. அது அவளுக்கும் தெரியும். போனைப் பிடித்திருந்த கையை மாற்றிக்கொண்டாள்.

"அண்ணே, அவரு வேணாங்கிறாரு," என்றாள். "மெஷின் பேசக் கூடாதாம்."

"அவன் முன்னாடிதானம்மா பண்ணேன்?"

"அப்பவே சொன்னாராம். ஒங்களுக்குக் கேக்கலையாம்."

இஜாஸுக்குப் பின்னால் சலிக்கிற மெஷின் ஓடுவது கேட்டது. "அப்ப கடைசிப் பகுதி?" என்றான். "ஏறி வர்றவன் வாயே தெறக்காம அது எப்படி?"

அவள் காதில் சொன்னேன். அவள் போனில் சொன்னாள். "வண்டிச் சத்தம் மட்டும் போதுமாம். வழி விடுறவரு பேசுனா போதுமாம்."

"கேக்குறவங்க திட்டுவாகம்மா."

"திட்டட்டும்ங்கிறாரு."

அதை நான் சொல்லவில்லை.

போனைக் கட் செய்தாள். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து அடுப்படிக்குப் போனாள். அன்றைக்குச் சமைக்கும்போது அவள் எதையும் போட்டுக் கேட்கவில்லை. என்னோடும் பேசவில்லை.