இல்லாத அரைக் கிலோ

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கிடைத்தது சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில். பக்கத்து சீட்டில் ஓர் அங்கன்வாடி டீச்சர். நான் பத்திரிகைத் தொடர்கதையில் வாராவாரம் ஒரு பிணத்தை விழவைத்துப் பிழைப்பவன் என்று தெரிந்ததும், "என் கதையில பொணம் இல்லீங்க. தப்பு மட்டும்தான் இருக்குது," என்றார்.

பூதலப்பட்டு தாண்டுவதற்குள் அவர் சொல்லி முடித்துவிட்டார். நான்தான் இன்னும் முடித்தபாடில்லை.

முதல் ஆரம்பம் இது: 'படீரென்று கதவு திறந்தது. பத்மினி உறைந்துபோனாள். அவள் கையில் —'

கையில் என்ன, கத்தியா? பழைய ரிஜிஸ்டர். அடித்துவிட்டேன்.

2

மறுபடியும்.

நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊர். [ஊர்ப் பெயர் வேண்டாம், டீச்சரைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பத்மினி என்பதும் நான் வைத்த பெயர். மற்ற பெயர்களும் அப்படித்தான்.] அங்கன்வாடியைப் பக்கத்து ஊரோடு சேர்க்கச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. முப்பது குழந்தைகள் இரைச்சல் போட்ட இடத்தில் இப்போது ஐந்துதான். பத்மினி ரிஜிஸ்டர்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். தூக்கிவைக்க கோவர்த்தனன் வந்திருந்தான். தமிழ்க்காரன், கரும்பு வெட்டு, கட்டட வேலை என்று கூப்பிட்ட இடத்துக்குப் போகிறவன்.

அவன் மகள் தரணி, பத்தொன்பது வயது, அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக அங்கே வந்தாள். ஸ்ரீசிட்டிப் பக்கம் ஒரு ஃபேக்டரியில் ஆள் எடுக்கிறார்கள் என்று காலையில் போனவள்.

"ஏமம்மா, வேலை வந்துச்சா?" என்றாள் பத்மினி, தெலுங்கு கலந்த தமிழில்.

"நாப்பது கிலோ இருக்கணுமாம் டீச்சர். நான் முப்பத்தாறு. ரத்தமும் கம்மியாம். நல்லா துன்னுட்டு வான்னு அனுப்பிட்டாங்கோ." தரணி சிரித்தாள். "ஏன் நைனா, ஒரு வாரத்துல நாலு கிலோ துன்ன முடியுமா?"

"துன்னா ஒட்டவா போவுது? எல்லாம் உங்கம்மா பண்ண வேல. டீச்சர் அன்னிக்கே சொன்னாங்க இல்ல?"

டீச்சர் சொன்னது உண்மைதான். தரணியின் அம்மா கலைவாணி ஊத்துக்கோட்டையில் தாய் வீட்டில் பிரசவமாகி, ஐந்து மாதக் குழந்தையோடு திரும்பியபோது, தராசில் போட்டுப் பார்த்துவிட்டுத் தெருவே கேட்கும்படி பத்மினி கத்தியிருந்தாள்: "நல்லா பொறந்த பாப்பாவ இப்படி வாட வெச்சிருக்கியே, நீயெல்லாம் அம்மாவா?"

"பொறந்தப்பவே சின்னதுதான் டீச்சர்."

"நல்ல வெயிட்டுன்னு புக்குல இருக்குதும்மா! எனக்கே சொல்றியா?"

அதற்கப்புறம் அந்த வீட்டில் குழந்தைக்குச் சளி பிடித்தால் குற்றவாளி கலைவாணி. கணக்கில் மார்க் குறைந்தால் கலைவாணி. பத்தொன்பது வருடம்.

3

இங்கே கொஞ்சம் கட்டுரை வருகிறது. அவசரக்காரர்கள் அடுத்த எண்ணுக்குத் தாவலாம்.

பிறப்பு குறையும்போது ஒரு நாட்டுக்கு நல்ல காலம் ஒன்று வருமாம். மடியில் குழந்தைகள் குறைவு, கிழவர்கள் இன்னும் பெருகவில்லை, நடுவில் உழைக்கும் வயதுக்காரர்கள் கூட்டம். அந்தச் சில பத்தாண்டுகளில் முன்னேறிக்கொண்டால் உண்டு. அப்புறம் அங்கன்வாடியை மூடவேண்டியதுதான்.

தலைகளை எண்ணினால் தரணியும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. ஆனால் கன்வேயர் முன்னால் எட்டு மணி நேரம் நிற்பது தலை இல்லை, கால். அந்தக் கால் கர்ப்பத்திலும் அடுத்த இரண்டு வருடத்திலும் உருவாகிறது. அப்போது விட்டதைப் பத்தொன்பது வயதில் பிடிப்பது லேசில்லை. ஃபேக்டரிக்காரர் ஆள் கிடைக்கவில்லை என்கிறார். தரணி வேலை கிடைக்கவில்லை என்கிறாள். ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை.*

* எடை குறைந்து பிறந்தவர்கள் எல்லாரும் இப்படித்தான் ஆவார்கள் என்று நான் சொல்லவரவில்லை. கவனித்தால் தேறிவிடுகிறார்கள். கவனித்தால்.

4

பத்மினி தரணி பிறந்த வருடத்து ரிஜிஸ்டரைத் தேடி எடுத்தாள். தான் சொன்னது சரி என்று காட்டத்தான்.

"சூடு, இங்க பாரு கோவர்த்தன். ரெண்டுன்னர. நல்ல வெயிட்டு."

"ஆமா, நான்தானே வந்து சொன்னேன். டாக்டரு ரெண்டுன்னாரு."

"அதான், ரெண்டுன்னர."

"ரெண்டேதான்மா. தராசுல வெச்சுக் காட்டி, ரெண்டு கிலோன்னாரு."

பத்மினியின் விரல் பக்கத்தின் மேல் அப்படியே நின்றது.

தமிழில் ரெண்டுன்னாரு என்றால் 'இரண்டு என்றார்'. தெலுங்கில் ரெண்டுன்னர என்றால் இரண்டரை. அன்று வாசலில் நின்று தமிழன் ஒன்றைச் சொன்னான்; தெலுங்குக்காரி இன்னொன்றை எழுதினாள். இரண்டரைக்குக் கீழே பிறந்தால் தனிப் பட்டியல். வாரம் ஒருமுறை வீடு தேடிப் போகவேண்டும், எடை பார்க்கவேண்டும், தாய்க்குப் பக்குவம் சொல்லவேண்டும். பட்டியலில் இருந்திருந்தால் பத்மினி ஊத்துக்கோட்டைக்கே பஸ் ஏறியிருப்பாள். மற்றக் குழந்தைகளுக்காக அப்படிப் போயிருக்கிறாள்.

இரண்டு கிலோ போதாது என்று அவனுக்குத் தெரியாது. அவன் இரண்டு கிலோ என்றான் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தவள் கலைவாணி ஒருத்தி. அவளைத்தான் யாரும் கேட்கவில்லை.

5

முடிவுகள்.

அ) பத்மினி அந்தப் பக்கத்தைக் கிழித்து வாயில் போட்டு மெல்லுகிறாள். [என் பழைய வாசகர்களுக்குப் பிடிக்கும். ஆனால் அவர் கிழிக்கவில்லை.]

ஆ) பத்மினி அந்த நிமிடமே ஓடிப்போய்க் கலைவாணியின் கையைப் பிடித்து — [ஓடவும் இல்லை.]

இ) நடந்தது. ரிஜிஸ்டரை மூடினாள். "எண்ட, வெயிலு தாங்கல, எடுத்து வைப்பா," என்றாள். அப்பாவும் மகளும் மூட்டையைத் தூக்கினார்கள்.

இது நடந்து எட்டாவது நாள் அவர் என் பக்கத்து சீட்டில் இருந்தார்.

"நீங்க எழுதினா அந்தப் பொண்ணோட அம்மா படிப்பாங்களா சார்?"

"தமிழ் தெரிஞ்சா படிக்கலாம்."

"அவங்களுக்குத் தெரியும். எனக்குத்தான் படிக்க வராது."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும்: அம்மா, இதை என்னிடம் கொடுக்காதீர்கள், அவர் வீட்டுக்குப் போங்கள். சொல்லவில்லை. நல்ல கதை கையில் வந்து விழுந்த சந்தோஷத்தில் குறிப்பெடுத்துக்கொண்டு திருப்பதியில் இறங்கிவிட்டேன். இப்போது அவர் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பு என் மேஜையில் கிடக்கிறது. அது என்னுடையது அல்ல, பெயர்களையும் மாற்றிவைத்திருக்கிறேன்.

கலைவாணி, உங்கள் உண்மைப் பெயர் வேறு. ஆனாலும் படித்தால் தெரிந்துகொள்வீர்கள். நீங்கள் அன்று சொன்னது சரி. குழந்தை பிறந்தபோதே சின்னதுதான். இதை முதலில் உங்கள் வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டுங்கள், அப்புறம் தரணிக்கு. டீச்சர் இன்னும் வரவில்லையென்றால் நீங்கள் போவீர்களா, போனால் கத்துவீர்களா, கத்தாமல் நிற்பீர்களா, எனக்குத் தெரியாது. ஊகித்து எழுதவும் மாட்டேன். நீங்களே சொல்லுங்கள். இந்தத் தடவை, சொன்னது சொன்னபடி எழுதிக்கொள்கிறேன்.