தொடக்கூடாத எஞ்சின்

சூப்பிரண்டு ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகிவிட்டது. அந்தச் செய்தி அவர் கழுத்துக்கு மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை. முன்பு கோப்புகளுக்காக விறைத்திருந்த கழுத்து, இப்போது முழங்கை நீள நீராவி எஞ்சின் ஒன்றுக்காக விறைத்திருந்தது.

அந்த ஒன்பது வருடமும் அவர் கட்டியது அதைத்தான். செம்புக் கொதிகலன், பச்சைப் பூச்சு, கடுகளவு ரிவெட் ஆணிகள் நானூற்றுப் பன்னிரண்டு. ஒரு தடவைகூட அதன் அடுப்பைப் பற்றவைத்ததில்லை. புகை பட்டால் பூச்சு கறுக்குமே. ஆனால் மாதிரி ரயில் சங்கத்தில் எல்லோரிடமும், "ஓடும். நான்தான் ஓட விடல" என்று சொல்லிவைத்திருந்தார்.

இந்த வருடக் கண்காட்சிக்கு விதி எழுதும் பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது. சங்கத்துப் பேக்கரிக்காரர் அட்டையில் செய்த எஞ்சின் பார்க்கப் பிரமாதமாக இருந்ததால் சூப்பிரண்டுக்கு வயிறு எரிந்தது. 'முதல் கோப்பைக்கு நிற்கும் எஞ்சின் தன் ஆவியில் தானே கிளம்பி ஓட வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அட்டை எஞ்சின் அத்தோடு தீர்ந்தது.

பிறகுதான், கண்காட்சிக்கு முந்தின நாள் மத்தியானம், தன்னுடையதைப் பற்றவைத்துப் பார்த்தார். சில சமயம் ஓடியது. சில சமயம் புஸ்ஸென்று பெருமூச்சு விட்டுவிட்டு நின்ற இடத்திலேயே நின்றது. காரணம் புரிய ஒரு மணி நேரம் ஆயிற்று. சக்கரங்களைத் தள்ளும் தண்டுகள் இரண்டு பக்கமும் கால் சுற்று முன்பின்னாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் முட்டி நின்றால் மறுபக்கம் தள்ளிவிடும். படத்தில் அழகாகத் தெரியட்டும் என்று அவர் இரண்டையும் ஒரே கோணத்தில் வைத்திருந்தார். இரண்டும் சேர்ந்தே முட்டி நின்றன. கழற்றி மாட்ட மூன்று வாரம் ஆகும்.

பக்கத்தில் துணி தைத்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "என் மெஷினும் அப்படித்தாங்க நிக்கும். சக்கரத்தக் கையால லேசா தள்ளிட்டு மிதிப்பேன்."

"இது தையல் மெஷின் இல்ல."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

மறுநாள் கண்காட்சியில் அவர் சக்கரங்களைத் தண்டுகள் முட்டாத நிலையில் நிறுத்தி, 'தொடாதீர்கள்' என்ற அட்டையையும் முன்னால் வைத்தார். நடுவராக வந்தவர் ரயில்வேயில் ஃபிட்டராக இருந்தவர். அவருக்கு அட்டை ஒரு பொருட்டில்லை. எஞ்சினைக் கையால் உருட்டிப் புறப்படும் கோட்டில் நிறுத்தினார். அதோடு அந்த நிலை கலைந்தது. சூப்பிரண்டு ஆவியைத் திறந்தார். புஸ்.

கூடத்தில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பேக்கரிக்காரர் மட்டும் மீசையைத் தடவிக்கொண்டார்.

"தூசி ஒட்டியிருக்குங்க" என்றபடி கூட வந்திருந்த மனைவி துணியோடு குனிந்து எஞ்சினின் பின்புறத்தைத் துடைத்தாள். அது புறப்பட்டு மேசையின் அந்தக் கோடிவரை ஓடியது. கைதட்டல் கூரையைத் தொட்டது.

நடுவர் மதிப்பெண் தாளை விரித்தார். "முப்பது வருஷம் எஞ்சினோட மாரடிச்சிருக்கேன் சார். இவ்வளவு யோசிச்சுக் கிளம்பினத இன்னிக்குத்தான் பாக்கறேன்."

அவ்வளவுதான் சொன்னார். பேனா தாளின் மேல் காத்திருந்தது. சூப்பிரண்டு பேசாமல் இருந்திருந்தால் கோப்பை வீட்டுக்கு வந்திருக்கும். அவர் மனைவியைப் பார்த்தார். அவள் துணியை மடித்துக்கொண்டிருந்தாள், அவர் எதைச் சொன்னாலும் சரி என்பதுபோல. ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அந்தக் கழுத்து வளைந்தது.

"ரெண்டு பக்கமும் ஒரே கோணத்துல வெச்சுட்டேன். அவதான் தள்ளிவிட்டா."

கோப்பை அந்த வருடம் யாருக்கும் போகவில்லை. கூட்டம் கலைவதற்குள் சூப்பிரண்டு 'தொடாதீர்கள்' அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதிவைத்தார்: 'நின்றுவிட்டால் பின்னாலிருந்து லேசாகத் தள்ளவும்.'

தள்ளிப் பார்க்க வரிசையில் முதலில் வந்து நின்றவர் பேக்கரிக்காரர். விரலை நீட்டி, "இங்கயா?" என்றார்.

"எனக்கென்ன தெரியும்" என்றார் சூப்பிரண்டு. "அவளக் கேளுங்க."