கன்னத்தில் கொக்கி

2024 மார்ச் 9, சனிக்கிழமை. ஒஸ்லோ, ட்வெய்ட்டாவில் ஒரு பல் மருத்துவ நிலையத்தின் உருப்பெருக்கிக்குக் கீழே 1806ஆம் ஆண்டின் அமெரிக்க அரை டாலர் வெள்ளி நாணயங்கள் இரண்டு வைக்கப்பட்டன.

ஒன்று பஸ் சாரதி குலசேகரத்தினுடையது. அவரிடம் இருந்த பழைய வெள்ளி அது ஒன்றுதான். மற்றது அந்த நிலையத்தில் உதவியாளராக வேலை செய்யும் கஜேந்தினியினுடையது. இருவரும் இணையத்தில் வெவ்வேறு ஆட்களிடம் வாங்கியிருந்தார்கள். அன்று நிலையம் பூட்டு. சாவி அவளிடம் இருந்தது.

இரண்டிலும் இடப்பக்க மூன்றாம் நட்சத்திரத்திலிருந்து விளிம்பு வரை மயிரிழைபோல ஒரு கோடு. அச்சு வெடித்தால் வெடிப்புக்குள் வெள்ளி புகுந்து நாணயத்தில் கோடாக மேலெழும். அடிக்க அடிக்க அது நீளும். யாருடைய கோடு நீளம், யாருடையது பிந்தியது என்று பார்க்கத்தான் கூடியிருந்தார்கள்.

"பல்லிலை வெடிப்பு உள்ளுக்குப் போகும் அண்ணை. இது வெளியிலை நிக்குது. எனக்கு இன்னும் மண்டைக்குள்ளை ஏறேல்லை."

"ஏறாது பிள்ளை. நீ துளைச்சுத் துளைச்சே பழகின ஆள்."

ஒரு மணி நேரம் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். கோடுகள் ஒரே இடத்தில்தான் முடிந்தன. தன்னுடையதை உறையில் போடக் கையை நீட்டிய குலசேகரம் அப்படியே நின்றார்.

"எது என்ரை?"

"வலப்பக்கம் வைச்சனீங்கள்."

"நீ மாத்தினனியெல்லே."

"நீங்கள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டோ இருந்தனீங்கள்?"

பரவாயில்லை என்றார். தன்னுடையதில் பெண் உருவத்தின் கன்னத்தில் ஒரு கீறல் உண்டு. வாங்கிய அன்றே கண்டது. கஜேந்தினி குனிந்து பார்த்தாள்.

"ஓம், இருக்கு. கொக்கி மாதிரி."

மற்றதை வைத்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

"இதிலையும் இருக்கு அண்ணை."

"வெடிப்பைச் சொல்லுறியோ?"

"இல்லை. கொக்கி."

வெடிப்பு, அதே அச்சில் பிறகு அடித்த எல்லாவற்றிலும் வரும். கீறல் அப்படியில்லை, ஒவ்வொரு நாணயமும் கைமாறித் திரிந்த இடங்களில் தனித்தனியே பட்டுக்கொள்வது. ஒரே கீறல் இரண்டில் இருந்தால் ஒன்று மற்றதிலிருந்து வார்த்தெடுத்த போலி. அல்லது இரண்டுமே போலி.

"என்ரை அசல்தான்," என்றார் குலசேகரம்.

"சரி. எது உங்கடை?"

அவர் கைபேசியைத் திறந்தார். நாணயத்தை எடுத்த படங்கள் நாற்பது இருந்தன. நாற்பதும் வெடிப்பின் படங்கள். அவளுடைய கைபேசியிலும் அதே கதை. நிலையத்தின் சமையலறைத் தராசு இரண்டுக்கும் பதின்மூன்று கிராம் காட்டியது.

"சோதிக்கிற ஆக்களிட்டை அனுப்புவம்," என்றாள்.

"ஆரின்ரை பேரிலை?"

"ரெண்டு பேரின்ரை பேரிலையும்."

"பிறகு?"

"தெரியேல்லை அண்ணை."

ஏப்ரல் கடைசியில் அறிக்கை வந்தது. ஒன்று அசல், ஒன்று வார்ப்பு. எது யாருடையது என்பது அதில் இல்லை. அசல் நாணயம் இப்போது ஆறு மாதம் குலசேகரத்திடமும் ஆறு மாதம் கஜேந்தினியிடமும் இருக்கிறது.