கொடியை இறக்க ஆளில்லை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று மாணவர்கள் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். பேசட்டும். முப்பத்திரண்டு பேருக்குத் திட்ட மேலாண்மை சொல்லிக்கொடுத்துப் பாருங்கள், உங்களுக்கும் வரும்.

குருநாகலிலிருந்து தம்புள்ளை போகும் வீதியில் இருக்கிறது எங்கள் பல்கலைக்கழகம். மூன்று வருடமாக இந்தப் பாடத்தை நான் பரீட்சை வைக்காமல் நடத்துகிறேன். பிள்ளைகள் நிஜமாகவே ஒரு காரியத்தைத் தொடங்கி, சொன்ன நேரத்தில் முடித்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். துறைத் தலைவர் பேராசிரியர் ரத்னமலலவுக்கு இது அறவே பிடிக்காது. "விளையாட்டுக் காட்டுறீங்க, சமாதரா. மூணு மணி நேரப் பேப்பர் ஒண்ணு வெச்சா முடிஞ்சுது" என்பார். போன மாதக் கூட்டத்தில் தீர்ப்பே சொல்லிவிட்டார். இந்த முறை வேலை குறித்த நேரத்தில் முடிந்தால் செய்முறை இருக்கும், இல்லாவிட்டால் அடுத்த வருடத்திலிருந்து பரீட்சைதான். மதிப்பீட்டுப் படிவத்தோடு அவரே நேரில் வருவாராம்.

பிள்ளைகள் எடுத்துக்கொண்டது பொசன் பௌர்ணமிக்கு ஒரு தன்சல், அதாவது வீதியோர அன்னதானம். மிகிந்தலைக்குக் கும்பிடப் போகிறவர்களை வீதியில் மறித்து, அவித்த மரவள்ளிக்கிழங்கும் உறைப்பான கட்டசம்பலும் கொடுத்து அனுப்புவது. ஐந்நூறு தட்டு. காலை ஒன்பதுக்குத் தொடக்கம், பகல் ஒரு மணிக்கு முடிவு.

தலைவியாக இருந்தவள் தெவ்மினி. பொறுப்பான பெண், ஆனால் கொஞ்சம் பிடிவாதம். எழுபத்தொரு வேலை, ஒவ்வொன்றுக்கும் நேரம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் என்று மேசை நிறைய அட்டவணையை விரித்தாள். நான் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டேன்.

"இது என்ன நாப்பத்தேழாவது? எங்களுக்குச் சோத்துப் பொதி, முப்பத்திமூணு?"

"விடுதியில கட்டித் தர்றாங்க மிஸ். உங்களுக்கும் சேர்த்துத்தான்."

"தானம் குடுக்கப் போறீங்களா, சுற்றுலா போறீங்களா? ஒருநாள் வயிறு காஞ்சா ஒண்ணும் ஆகாது."

ஒரே கோடாக அடித்தேன். அவள் தலையை ஆட்டினாள். மற்றபடி குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, கீழே கையெழுத்துப் போட்டுவிட்டேன். என் பங்குக்கு ஒரு விதியும் சேர்த்தேன். காலையில் வந்ததும் எல்லோருடைய கைப்பேசியும் ஒரு கூடைக்குள் போக வேண்டும். பௌர்ணமி அன்றைக்காவது அதைத் தடவாமல் இருக்கட்டுமே.

அன்றைக்கு எல்லாம் சொல்லிவைத்தபடி நடந்தது. ஒரு கிலோமீட்டர் தள்ளி, சந்தியில் கொடியோடு நின்றவன் சேனுக. வகுப்பில் கடைசி வரிசையில் தூங்குகிறவன். ஆள் உயரம், கொடி தூரத்திலிருந்தே தெரியும், அதனால்தான் அந்த வேலை அவனுக்குப் போனது. பார்த்தால் அவன் அதற்கென்றே பிறந்திருக்கிறான். வேன், லாரி, மோட்டார் சைக்கிள் எதையும் விடவில்லையாம். "ஐயா, ரெண்டே வாய் சாப்பிட்டுட்டுப் போங்க, புண்ணியத்த எங்களுக்குத் தாங்க" என்று கண்ணாடியைப் பிடித்துத் தொங்கினானாம். வந்தவர்கள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

பன்னிரண்டே முக்காலுக்குக் கடைசித் தட்டும் போனது. அண்டாவைச் சுரண்டினால்கூட ஒன்றும் வராது.

"முடிஞ்சுது மிஸ். பதினஞ்சு நிமிஷம் மிச்சம்" என்றாள் தெவ்மினி. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. ரத்னமலல வரட்டும், வந்து பார்க்கட்டும்.

"சேனுகவ நிறுத்தச் சொல்லியாச்சா?" என்று சும்மாதான் கேட்டேன்.

அவள் அட்டவணையில் விரலை வைத்தாள். பன்னிரண்டாவது வேலை, வாகனங்களை மறிக்கத் தொடங்குதல், சேனுக. விரல் கீழே இறங்கியது. எழுபத்தொன்று வரைக்கும் போய் என் கையெழுத்தின் மேல் நின்றது. மறிப்பதை நிறுத்துதல் என்று எங்கேயும் இல்லை. தன்சலில் நின்றுகொண்டு போதும் என்று சொல்வது எங்கள் ஆட்களுக்கு வாயில் வராது. அதை ஒரு வேலையாக எழுத அவளுக்கும் தோன்றவில்லை, திருத்திய எனக்கும் தோன்றவில்லை.

"போன் போடு."

கூடையிலிருந்து தன் கைப்பேசியை எடுத்து அழைத்தாள். அதே கூடைக்குள்ளிருந்து ஒரு பைலா பாட்டு கிளம்பியது. என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒருவரும் சிரிக்கவில்லை.

ஒருத்தியைச் சைக்கிளில் விரட்டினேன். அவள் வாசலைத் தாண்டுவதற்குள் ஒரு பஸ் உள்ளே திரும்பியது. எம்பிலிப்பிட்டியவிலிருந்து விடியற்காலையில் கிளம்பியவர்கள், வெள்ளை உடுப்பில் அறுபது பேர். படியில் தொங்கியபடி சேனுக.

"மிஸ், பெரிய பஸ்" என்றான், பாராட்டை எதிர்பார்த்து.

பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு சாம்பல் நிறக் கார். ரத்னமலல. வகுப்புப் பக்கமே வராத மனிதரைச் சேனுக எங்கே கண்டான்? "காரை அப்பிடி ஓரமா விடுங்க மாமா. வரிசையில வாங்க, யாரும் முந்தக் கூடாது" என்று அவரையும் கடைசியில் நிறுத்திவிட்டான். அவர் படிவத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

தீர்ந்துவிட்டது என்று சொல்லிக் கொடியை இறக்கினால் மணி ஒன்றுக்கு வேலை முடியும், என் பாடமும் பிழைக்கும். தன்சல் தீர்ந்துபோவது பாவமில்லை. ஆனால் போய்க்கொண்டிருந்த பஸ்ஸை நிறுத்திக் கூட்டிவந்தது எங்கள் ஆள். வரிசையில் முதலில் நின்ற அம்மா கையைக் கழுவிவிட்டு, ஈரக் கையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.

தெவ்மினி என் காதோரம் வந்தாள். "மிஸ், திட்டக் கூடாது. நாப்பத்தேழாவத நான் விடல."

"நான் வெட்டினேனே."

"நீங்க பேப்பர்லதானே வெட்டினீங்க."

மேசைக்கு அடியில் துணியைத் தூக்கினாள். முப்பத்திமூன்று சோற்றுப் பொதி.

"என் கையெழுத்துக்கு இவ்வளவுதான் மரியாதையாடி?" என்றேன். "சரி, எடு. பாதிப் பாதியாப் பிரி."

பிரித்துத் தட்டில் வைக்க நேரம் பிடித்தது. மணி ஒன்று ஆனதும் நானே வரிசையின் கடைசிக்குப் போனேன்.

"சார், மணி ஒண்ணு. வேலை முடியல. அப்பிடியே எழுதிக்கோங்க."

"தெரியுது" என்றார். "எனக்கு முன்னால இன்னும் முப்பது பேர் நிக்கிறாங்க. கொஞ்சம் தள்ளுங்க, வரிசை நகருது."

ஒன்றரைக்கு அவருடைய முறை வந்தது. கிடைத்தது என் பொதியில் பாதி. பிஞ்சுப் பலாக்காய்க் கறி நிறைய இருந்த பாதி என்பதை வயிற்றெரிச்சலோடு கவனித்தேன். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு, கையைக் கழுவி, கார் மேல் படிவத்தை வைத்து எழுதி என்னிடம் நீட்டினார். பிள்ளைகள் சுற்றி வந்து நின்றார்கள்.

குறித்த நேரத்தில் முடிந்ததா? இல்லை.

எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க முடியவில்லை. கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. 'மதிப்பிட வந்தவர் தன்சலில் சாப்பிட்டுவிட்டபடியால் இந்த மதிப்பீடு செல்லாது. அடுத்த வருடம் மறுபடியும் நடத்திக் காட்டவும்.'

"அடுத்த வருஷமும் நீங்கதான் வருவீங்களா சார்?"

"மார்க் போட வேற ஆளை அனுப்புறேன்" என்றார் காரில் ஏறிக்கொண்டே. "நான் சாப்பிட வர்றேன்."

கார் போனதும் திரும்பினேன். பசியில் வாடிய முகங்கள், எல்லாம் சிரித்துக்கொண்டிருந்தன. எண்ணினேன். முப்பத்தொன்று.

"சேனுக எங்கே?"

கொடியையும் காணோம். வீதிப் பக்கமிருந்து ஒரு பஸ் ஹார்ன் கேட்டது. செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினேன்.