எல்லாவற்றுக்கும் ஏற்ற பலகை

ஏப்ரல் கடைசி ஞாயிறு. எங்கள் மலையடிவாரத்தில் பனிச்சறுக்குப் பலகைக் கம்பெனிக்காரர்கள் கூடாரம் போட்டு, அடுத்த குளிர்காலத்துப் பலகைகளை ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும் நாள். அன்று மாலை மூன்று மணிக்குள் சொல்லி வைத்தால்தான் நவம்பரில் பலகை கைக்கு வரும். நானும் தொமோயேயும் உகிதா சானின் வேனில் காலையிலேயே போய்ச் சேர்ந்தோம். மாலை வகுப்பில் தொமோயே என் பக்கத்து இருக்கைக்காரி. உகிதா சான் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர், எங்கள் பனிச்சறுக்குக் குழுவுக்கு மூத்தவர்.

ஒவ்வொரு பிப்ரவரியும் அவர் அந்த வேனைக் கப்பலில் ஏற்றி எங்களை வடக்கே ஹொக்கைடோ தீவுக்குக் கூட்டிப் போவார். இந்த முறை அங்கே, தங்கிய இடத்துக்குத் திரும்ப மலையேற்றும் கடைசி லிஃப்டைத் தவறவிட்டோம். காரணம் நான். இரண்டு சரிவுகளுக்கு நடுவே ஒரு தட்டைப் பாதை. மற்றவர்கள் வந்த வேகத்திலேயே அதைக் கடந்துவிட்டார்கள். நான் நடுவழியில் நின்றுபோனேன். பலகையோடு ஒரு காலைக் கட்டியிருந்த பட்டையை அவிழ்த்து, அந்தக் காலால் தள்ளித் தள்ளி வந்து சேர்வதற்குள் லிஃப்டை நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் பனிக்காற்றில் சாலை வழியே நடந்து இறங்கினோம். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அந்த ஏப்ரல் ஞாயிறு வேனில் வரும்போதுதான் உகிதா சான் அந்தப் பேச்சை எடுத்தார்.

“நம்ம மலையிலயும் அதே மாதிரி ஒரு தட்டைப் பாதை இருக்குல்ல. டிசம்பர்ல அதைப் பட்டை அவிழ்க்காம கடக்கிறவங்கதான் கப்பல் ஏறலாம். என்ன மிசுஹோ?”

“சரிங்க உகிதா சான்.”

“முகத்தைப் பாரு, கப்பல் முங்கிட்ட மாதிரி” என்றாள் தொமோயே.

கூடாரத்தில் நாகுமோ என்ற விற்பனையாளர் என் எடையையும் பாத அளவையும் கேட்டுக்கொண்டார்.

“எத்தனை வருஷமா ஓட்டுறீங்க?”

“நாலு வருஷமா.”

“சரிவு, மேடு, மரத்துக்கு நடுவுல, புதுப்பனி எல்லாத்துலயும் போவீங்களா?”

“போவேன். எதுவும் முழுசா வராது.”

“அப்ப இது உங்களுக்குன்னே செஞ்சது” என்று ஒரு பலகையைத் தட்டினார். விறைப்பும் இல்லை, தொளதொளப்பும் இல்லை. நடுவில் லேசான வளைவு, மூக்கு சற்றுத் தூக்கலாக.

அவர் சொன்னதற்காக எடுத்துவிடக் கூடாது என்று மூன்று பலகைகளைத் தேர்ந்தெடுத்தேன்: திரும்புவதற்கு எளிதான மெத்தென்ற ஒன்று, புதுப்பனிக்கான அகல மூக்கு கொண்ட விறைப்பான ஒன்று, நாகுமோ காட்டியது ஒன்று. மூன்றையும் ஒவ்வொன்றாக ஒரே லிஃப்டில் ஏற்றி, ஒரே தடத்தில் இறக்கினேன். தட்டைப் பாதைக்கு மேலே ஒரு வளைவு உண்டு. ஒப்பீடு நியாயமாக இருக்க வேண்டும் என்பதற்காக, அங்கே ஒவ்வொரு முறையும் வேகத்தை ஒரே அளவுக்குக் குறைத்துக்கொண்டேன். பாதையோரம் ஆரஞ்சு நாடா கட்டிய கம்பங்கள் உண்டு. மெத்தென்றது இரண்டாவது கம்பத்தில் நின்றது. விறைப்பானது நான்காவதில். நாகுமோவின் பலகையோ நிற்கவே இல்லை. லிஃப்ட் வரிசை வரை என்னைச் சுமந்துகொண்டு போனது. ஹெல்மெட்டுக்குள் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். நேராகக் கூடாரத்துக்குப் போய், அதையே சொல்லி வைத்தேன்.

மதியம் பன்றிக்கறி மிசோ சூப்போடு உட்கார்ந்திருந்தபோது தொமோயே நனைந்த கையுறைகளை மேசையில் எறிந்தாள்.

“உன் அதிசயப் பலகை மாதிரியே இன்னொண்ணு கூடாரத்துல இருந்துச்சு, ஓட்டிப் பார்த்தேன். ரெண்டாவது கம்பத்துலயே பேய் புடிச்சு உட்கார வெச்சிருச்சு.”

வெயில் ஏறினால் ஈரப்பனி அடியில் ஒட்டிக்கொண்டு ஓடும் பலகையைச் சட்டென்று நிறுத்தும். அதை நாங்கள் பலகை பிடிக்கும் பேய் என்போம்.

சூப்பை அப்படியே விட்டுவிட்டு நாகுமோவிடம் ஓடினேன். அவர் எதையும் மறைக்கவில்லை.

“நீங்க ஓட்டுனதா? அது நேத்து வேற மலையில அழுக்காகி வந்துச்சு. அதனால காலையில அதை மட்டும் துடைச்சு, அடியில ஒட்டாம வழுக்க ஈரப்பனி மெழுகு போட்டேன். மத்ததுல பழைய மெழுகுதான்.”

“அப்ப ஓடினது பலகை இல்லையா?”

“மெழுகும் ஓடியிருக்கும், பலகையும் ஓடியிருக்கும். எது எவ்வளவுன்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்னைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது. “மூணு மணி வரைக்கும் மாத்திக்கலாம். எதுக்கு மாத்தணும், சொல்லுங்க.”

எனக்குத் தெரியவில்லை. மூன்றையும் மறுபடி எடுத்துப் போனேன். பிற்பகல் வெயிலில் பனி கஞ்சியாகிவிட்டிருந்தது. மூன்றும் முதல் கம்பத்திலேயே நின்றன. மூன்றாவது முறை இரண்டு கால்களும் கட்டுண்டபடி நின்றபோது, தொமோயே தன் பலகையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்து வந்தாள்.

“பலகை என்னடி பண்ணும்? நீதான் மேல வளைவுலயே பிரேக் புடிக்கிற.”

“அது அளவுக்காக. எல்லாத்துக்கும் ஒரே வேகம் வேணும்ல?”

“அளவா? ஹொக்கைடோவுலயும் அளவாத்தான் புடிச்சியா?”

மூன்று மணிக்கு நாகுமோ என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். “அதுவே இருக்கட்டும்” என்றேன். வேறு எதையும் சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. அதைச் சொல்லவும் காரணம் இருக்கவில்லை.

பலகை நவம்பரில் வந்தது. டிசம்பரில் மலை திறந்ததும், குளிர்ப்பனிக்கான மெழுகைத் தேய்த்து, சுரண்டி, பளபளக்கும் வரை துலக்கினேன். அன்று பனி உலர்ந்து, மாவு போல் இருந்தது. பேய்க்கு வேலையே இல்லை. காலை முழுவதும் பலகை நான் நினைத்த இடத்தில் திரும்பியது; மேடுகளில் மிதந்தது; மரங்களுக்கு நடுவே புதுப்பனியில் மூக்கைத் தூக்கிக்கொண்டு வந்தது. பிறகு உகிதா சான் தட்டைப் பாதையின் மறுகோடியில் போய் நின்றுகொண்டு கையை உயர்த்தினார்.

முதலில் தொமோயே போனாள். வளைவில் கத்திக்கொண்டே இறங்கி, கம்பங்களையெல்லாம் தாண்டி அவர் காலடியில் போய் விழுந்தாள்.

வளைவு எனக்குத் தெரிந்ததுதான். அங்கே ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும். விளிம்பை அழுத்தி வேகத்தைக் குறைக்காதே, பலகையை நேராக விடு. லிஃப்டில் வரும்போதே அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். வளைவு வந்தது. பலகை நேராகத்தான் இருந்தது. வளைவுக்குக் கீழிருந்த பள்ளம் கண்ணில் பட்டதும் என் குதிகால் தானாக அழுந்தியது. விளிம்பு பனியைச் சீவும் சத்தம் எனக்குக் கேட்டது. எடு என்றேன். கால் எடுக்கவில்லை.

நான்காவது கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றேன். குறை சொல்லக் காற்றும் இல்லை. குனிந்து பின்காலின் பட்டையை அவிழ்த்தேன்.

தள்ளித் தள்ளிப் போய்ச் சேர்ந்தபோது தொமோயே தன் பலகையில் ஒட்டியிருந்த பனியைத் துடைத்துக்கொண்டிருந்தாள், துடைக்க ஒன்றும் இல்லாதபோதும். உகிதா சான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். கப்பலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

“பலகை எப்படி?” என்று கேட்டார்.

“ரொம்ப நல்லாயிருக்கு” என்றேன். உண்மையாகவே நன்றாக இருந்தது.